மழைநீருக்கு ஒரு கட்டணம், மழைத்தோட்டத்துக்கு ஒரு மானியம்: மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியில் நடந்தது

அமெரிக்காவில் எந்தக் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போனாலும் ஏப்ரல் மாதம் பூமி நாளை ஒட்டி ஒரு விழா இருக்கும். பூங்காவில் கூடாரம் போட்டு, பிள்ளைகளுக்கு முகத்தில் வண்ணம் தீட்டி, கையில் ஒரு துணிப்பையும் நாலு துண்டறிக்கையும் கொடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலான ஊர்களில் அதோடு சரி. மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டியிலும் கிரீன்ஃபெஸ்ட் என்று அப்படி ஒரு விழா வருடாவருடம் நடக்கிறது. ஆனால் இங்கே அந்தத் துண்டறிக்கையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மானியத்தில் கொண்டுபோய் விடும், அந்த மானியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் சொத்து வரி ரசீதில் இருக்கும் ஒரு கட்டணம், கட்டணம் ஏன் என்று கேட்டால் கவுண்டிக்கு மேலிடம் போட்ட ஒரு கெடு. இந்தச் சங்கிலி முழுசாக இருப்பதால்தான் விழாவுக்கு அர்த்தம் வருகிறது என்பது என் கருத்து. அது எங்கே பிடித்தது, எங்கே அறுந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் நகரத்துக்கு வடமேற்கே ஒட்டினாற்போல இருக்கும் கவுண்டி இது. தலைமையிடம் ராக்வில். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க், கேதர்ஸ்பர்க் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன. கவுண்டியின் கீழ்ப்பகுதியில், சில்வர் ஸ்பிரிங், வீட்டன் வட்டாரத்தில் ஸ்லைகோ என்று ஒரு ஓடை ஓடுகிறது. அது போய் அனகோஸ்டியா ஆற்றோடு சேரும், அனகோஸ்டியா பொட்டோமாக்கோடு சேரும், பொட்டோமாக் செசபீக் விரிகுடாவில் விழும். விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆக, நம் வீட்டு வாசலில் சிந்துவது கடைசியில் போய்ச் சேரும் இடம் அது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சமையலறைத் தொட்டியிலும் கழிப்பறையிலும் போகும் தண்ணீர் சாக்கடைக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இந்தக் கவுண்டியின் கழிவுநீரில் பெரும்பகுதி வாஷிங்டனில் இருக்கும் புளூ பிளெய்ன்ஸ் நிலையத்துக்குப் போகிறது. ஆனால் தெரு ஓரத்தில் வாய் பிளந்திருக்கிறதே மழைநீர் வடிகால், அதில் விழுவது அப்படியே ஓடைக்குப் போகும், இடையில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. (புதிய குடியிருப்புகளில் மட்டும் நடுவே ஒரு குளமோ வடிகட்டியோ இருக்கும்.) காரை வாசலில் வைத்துக் கழுவிய சோப்பு நீர், புல்தரைக்குப் போட்ட உரம், நாய்க் கழிவு, இன்ஜின் எண்ணெய், பனிக்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு எல்லாமே அடுத்த மழைக்கு ஸ்லைகோவில்தான். அழுக்கு ஒரு பக்கம் என்றால் வேகம் இன்னொரு பக்கம். கூரையும் தாரும் சிமென்டுமாக ஊரை மூடிவிட்டதால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீர் ஒரே நேரத்தில் ஓடைக்குள் பாய்கிறது, கரை அரிந்து மரவேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன, வண்டல் அடியில் படிந்து மீன் முட்டையிட இடமில்லாமல் போகிறது. 1990-களில் வீட்டன் பக்கத்துக் கிளையோடையில் மழைநீரைத் தேக்க குளங்கள் கட்டி, ஓடை கொஞ்சம் தெளிந்த பிறகு, மற்ற ஓடைகளிலிருந்து மீன்களை வாளியில் எடுத்துவந்து விட்டார்கள். அந்த அளவுக்கு ஓடை காலியாகிப் போயிருந்தது.

இனி கட்டணத்துக்கு வருவோம். கவுண்டி 2001-இல் ஒரு சட்டம் போட்டு, நீர்த்தரப் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றைச் சொத்து வரி ரசீதில் சேர்த்தது. உங்கள் நிலத்தில் மழைநீர் உள்ளே இறங்க முடியாதபடி மூடியிருக்கும் பரப்பு எவ்வளவோ அதை வைத்துக் கணக்கு. 2,406 சதுர அடி ஓர் அலகு. 2013-இல் வீடுகளுக்கு 7 படிநிலைகள் வைத்தார்கள்: சின்ன டவுன்ஹவுஸ் (ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) என்றால் ஓர் அலகில் மூன்றில் ஒரு பங்கு, பெரிய மாளிகை என்றால் 3 அலகு. ஓர் அலகுக்கு இப்போது ஆண்டுக்கு 100 டாலருக்கு மேலே வருகிறது. வணிக வளாகம், வழிபாட்டுத் தலம், லாப நோக்கில்லாத அமைப்பு யாருக்கும் முழு விலக்குக் கிடையாது, ஏனென்றால் வாகன நிறுத்துமிடம் யாருடையதானாலும் மழைக்கு ஒன்றுதான். அதே நேரம் தன் நிலத்து நீரைத் தானே பிடித்து வைக்கிறவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. ராக்வில், டகோமா பார்க் மாதிரி நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு நகராட்சியே தனியாகக் கட்டணம் வாங்கித் தனியாகத் திட்டம் நடத்துகிறது, இதைக் கவனிக்காமல் கவுண்டிக்கு விண்ணப்பம் போட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

இந்த மாதிரிக் கட்டணத்தை வைத்து மேரிலாந்தில் பெரிய அரசியலே நடந்தது. 2012-இல் மாநிலச் சட்டமன்றம் பால்டிமோர் நகரத்துக்கும் 9 கவுண்டிகளுக்கும் மழைநீர்க் கட்டணம் கட்டாயம் என்று சொன்னது. அதற்கு எதிரிகள் வைத்த பெயர் "மழை வரி". வானத்திலிருந்து விழுவதற்குக்கூட வரியா என்று 2014 ஆளுநர் தேர்தலில் லாரி ஹோகன் கேட்டார், ஜெயித்தார், 2015-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. மாண்ட்கோமரிக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை, காரணம் பத்து வருடம் முன்பே சொந்தமாக ஒரு கட்டணம் வைத்திருந்ததால் 2012 சட்டமே இதைத் தொடாமல் விட்டிருந்தது. ஆனால் அதே 2015-இல் வேறு வடிவில் அடி விழுந்தது. தன் நிலத்து மழைநீரைத் தன் செலவில் குளம் வெட்டிப் பிடித்துவந்த ஒரு சொத்து உரிமையாளர் நீதிமன்றம் போனார், அவரிடம் வாங்கிய கட்டணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கவுண்டி கவுன்சில் அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எனக்கு இந்த வழக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் கேட்டது நியாயமான கேள்வி: வேலையை நானே செய்யும்போது உனக்கு எதற்குப் பணம்? தள்ளுபடி விதிகள் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஒரு கேள்வி காட்டிக் கொடுத்தது.

சரி, வாங்கிய பணம் குடிமக்களுக்கு எப்படித் திரும்புகிறது? ரெயின்ஸ்கேப்ஸ் என்று ஒரு மானியத் திட்டம், 2007 வாக்கில் தொடங்கியது. வீட்டில் மழைத்தோட்டம் போடலாம், சிமென்டைப் பெயர்த்துவிட்டு நீர் இறங்கும் கற்கள் பதிக்கலாம், புல்தரையை எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடிகள் நடலாம், கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கலாம். ஒரு வீட்டுக்கு 7,500 டாலர் வரையும், வணிக, பொது இடங்களுக்கு 20,000 டாலர் வரையும் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். விழாவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கவுண்டி ஊழியரிடம் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

பலரும் முதலில் கேட்பது மழைப் பீப்பாய். வாங்க எளிது, பார்க்க அழகு, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் 620 கேலனுக்கு மேல், அதாவது சுமார் 2,350 லிட்டர் தண்ணீர் வரும். வழக்கமாக விற்கிற பீப்பாய் 55 கேலன். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு மழை பெய்வதற்குள் பீப்பாய் நிரம்பி வழிந்துவிடும், மீதி அத்தனையும் பழையபடி வடிகாலுக்கு. அதிலும் முந்தின மழையில் பிடித்த தண்ணீரை யாரும் எடுத்து ஊற்றாமல் விட்டிருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. செடிக்கு ஊற்ற நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடையைக் காப்பாற்ற அது போதாது.

மழைத்தோட்டம் வேறு ரகம். கூரைக் குழாயிலிருந்து வரும் நீர் ஓடிவந்து நிற்கும்படி தரையைச் சில அங்குல ஆழத்துக்குக் குழித்து, அடியில் மண்ணைத் தளர்த்தி, மணலும் மக்கிய உரமும் கலந்து, மேலே செடிகள். வீட்டு அடித்தளத்திலிருந்து குறைந்தது 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்மென்ட்டில் ஈரம் ஏறும். போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை: ஓர் அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பது. இந்த வட்டாரத்தில் பல இடங்களில் களிமண். அதுவும் புதிய குடியிருப்பென்றால் கட்டுமான வண்டிகள் ஏறி இறங்கி மண் கல்லாகிக் கிடக்கும், குழியில் விட்ட தண்ணீர் மறுநாள் காலையிலும் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் மழைத்தோட்டம் போட்டால் அது சேற்றுக்குட்டைதான். நம் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி கொசு. ஒழுங்காகப் போட்ட மழைத்தோட்டத்தில் நீர் ஒன்றிரண்டு நாளுக்குள் இறங்கிவிடும், கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரமாவது ஆகும். அதனால் அந்தப் பயம் தேவையில்லை. வலை போடாத மழைப் பீப்பாய்க்குத்தான் பயப்பட வேண்டும்.

செடிகள் உள்ளூர் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. கறுப்பு நடுவும் மஞ்சள் இதழுமாகப் பூக்கும் மேரிலாந்தின் மாநில மலர், செக்கச்செவேல் என்று நிற்கும் கார்டினல் பூ, மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்று வளரும் சதுப்பு மில்க்வீட், இப்படி. இவற்றின் வேர் புல்லின் வேரைவிட ஆழம் போகும், நீர் இறங்க வழி அந்த வேர்தான். நட்ட முதல் கோடையில் பார்க்க ஒன்றுமே இருக்காது, களைதான் முந்திக்கொண்டு வரும், அந்த வருடம் கையால் களை பிடுங்காமல் விட்டால் தோட்டம் போச்சு. இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான் செடிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு களைக்கு இடம் விடாமல் நிற்கும்.

மானியம் கேட்பவர்கள் செய்யும் பெரிய தவறு, வேலையை முடித்துவிட்டு ரசீதோடு போய் நிற்பது. அது நடக்காது. முதலில் விண்ணப்பம், அப்புறம் கவுண்டி ஆள் வந்து இடத்தைப் பார்ப்பார், ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும், முடிந்ததும் மறுபடி வந்து பார்த்து, பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணம். இது நீளமான பாதை, ஆனால் எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. முன்கூட்டியே வந்து பார்க்கிற அந்த ஆள்தான் "இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போடுங்கள்" என்று சொல்கிறவர், அந்த ஒரு வார்த்தை மானியத்தைவிடப் பெறுமானது. டவுன்ஹவுஸ்காரர்களுக்கு இன்னொரு தலைவலி வீட்டு உரிமையாளர் சங்கம். புல்தரையைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று நோட்டீஸ் அனுப்புகிற சங்கங்கள் இருந்தன, இருக்கின்றன. பக்கத்து ஹோவர்ட் கவுண்டியில் ஒரு தம்பதி தங்கள் உள்ளூர்ச்செடித் தோட்டத்துக்காகச் சங்கத்தோடு நீதிமன்றம் வரை போனார்கள். அதன் விளைவாக மழைத்தோட்டம் போன்றவற்றைச் சங்கங்கள் நியாயமில்லாமல் தடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே வந்து 2021 அக்டோபரில் அமலானது. சங்கத்துக்குக் கடிதம் எழுதும்போது இந்தச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள்.

விழாவையும் துப்புரவு நாட்களையும் பற்றி. ஸ்லைகோ ஓடையின் நண்பர்கள் என்ற குடிமக்கள் அமைப்பு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஓடை நெடுகக் குப்பை பொறுக்குகிறது. பொட்டோமாக் ஆற்றுப்படுகை முழுவதற்குமான ஏப்ரல் துப்புரவு 1989-இலிருந்து நடந்துவருகிறது. 2010-இல் அனகோஸ்டியாவுக்குக் குப்பைக்கே ஒரு சட்ட வரம்பு வைத்தார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நிர்வாக எல்லைகளைக் கடக்கும் ஆறு ஒன்றுக்குக் குப்பை வரம்பு விதித்தது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. இது வந்ததும் பொறுக்கிய மூட்டைகளுக்கு ஒரு கணக்கு மதிப்பு வந்தது: எத்தனை பாட்டில், எத்தனை பை என்று எண்ணி எழுதுவது வெறும் சம்பிரதாயமாக இல்லாமல், எந்தச் சட்டம் தேவை என்று காட்டும் சாட்சியானது.

பைக்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஜனவரி 1-இலிருந்து கடையில் கொடுக்கும் ஒவ்வொரு காகித, பிளாஸ்டிக் பைக்கும் 5 சென்ட், அதில் 1 சென்ட் கடைக்கு, 4 சென்ட் நீர்த்தரப் பாதுகாப்பு நிதிக்கு. வாஷிங்டன் நகரம் 2010-இல் உணவு, மதுக் கடைகளோடு நிறுத்திக்கொண்டதை மாண்ட்கோமரியில் கிட்டத்தட்ட எல்லாக் கடைக்கும் விரித்தார்கள். கொஞ்ச நாள் ஜனங்கள் துணிப்பையோடு போனார்கள். ஆனால் 5 சென்ட் என்பது சீக்கிரம் பழகிப்போகிற தொகை, சுயசேவை இயந்திரத்தில் எத்தனை பை என்று கேட்டால் பூஜ்யம் என்று அழுத்திவிட்டுப் போவதும் நடந்தது. கடைசியில் 2025-இல் கவுன்சில் வேறு சட்டம் போட்டு, 2026 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பையையே நிறுத்தி, காகிதப் பைக்கு 10 சென்ட் ஆக்கியது. இதையே முதலில் செய்திருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். தெர்மோகோல் தட்டு, டம்ளர் விஷயத்தில் அப்படி நேராகவே தடை போட்டார்கள்: உணவகங்களில் 2016 ஜனவரியிலிருந்து, கடை விற்பனையில் 2017 ஜனவரியிலிருந்து. அது நிலைத்துவிட்டது, இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

இன்னொரு நல்ல உதாரணம் பூங்காத் துறையின் களைப் போராளிகள் திட்டம், 1999-இல் தொடங்கியது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சான்று கொடுத்து, பிறகு அவர்களாகவே பூங்காவுக்குள் போய் அந்நியக் கொடிகளை வெட்ட அனுமதிக்கிறார்கள். மரத்தை மூடி ஏறியிருக்கும் இங்கிலீஷ் ஐவியை உச்சிவரை இழுத்துப் பிய்க்கக் கூடாது, பட்டையும் சேர்ந்து உரியும், மேலிருந்து காய்ந்த கிளை தலையில் விழும். அடியில் சுற்றி ஒரு வெட்டு, கொஞ்சம் மேலே இன்னொரு வெட்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் மேலே உள்ளது தானாகக் காயும். ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற தன்னார்வத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தப் பயிற்சியில் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே மூலைக்கு வந்து அதையே பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அறுந்த இடங்கள். 2010-இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை கவுண்டிக்குக் கொடுத்த மழைநீர் வடிகால் அனுமதியில் ஒரு நிபந்தனை: இதுவரை எந்த வடிகட்டும் ஏற்பாடும் இல்லாத மூடிய பரப்பில் 20 சதவீதத்துக்கு ஐந்து வருடத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். 2015-இல் கெடு முடிந்தது, கவுண்டி முடிக்கவில்லை. 2018 முடிவில்தான் எட்டியது. சுற்றுச்சூழலில் முன்னோடி என்று பெயரெடுத்த, பணமும் உள்ள ஒரு கவுண்டிக்கே இது நடந்தது. முடித்த விதத்திலும் விவாதம் உண்டு. இலக்கில் கணிசமான பகுதி பழைய குளங்களைச் சீர்படுத்தியதிலும் ஓடைக் கரைகளை இயந்திரம் வைத்துச் செதுக்கிக் கல் அடுக்கியதிலும் வந்தது. கணக்குக்கு அது ஏக்கர் ஏக்கராகச் சேரும், வீட்டு மழைத்தோட்டமோ சதுர அடியாகத்தான் சேரும். ஆனால் கரையைச் சீரமைக்க வளர்ந்த மரங்களை வெட்டியபோது, ஓடைக்காகத் தன்னார்வமாக உழைத்தவர்களே எதிர்த்து நின்றார்கள். மேலே கூரையிலும் தெருவிலும் நீரைப் பிடிக்காமல் கீழே கரையை மட்டும் கட்டினால் அடுத்த பெருமழை அதையும் அரித்துப் போகும் என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் பக்கம்.

இரண்டாவது, மானியம் யாருக்குப் போகிறது என்பது. முதலில் கைக்காசு போட்டு வேலையை முடித்துப் பிறகு பணம் வாங்க வேண்டும், சொந்த நிலம் வேண்டும், படிவம் நிரப்பப் பொழுது வேண்டும். இதெல்லாம் இருப்பவர்கள் பெரிய மனைகளில் தனி வீட்டில் இருப்பவர்கள். சில்வர் ஸ்பிரிங் பக்கம் லாங் பிராஞ்ச் மாதிரி வாடகைக் குடியிருப்புகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில்தான் தார் அதிகம், மரம் குறைவு, கோடை வெப்பமும் அதிகம், அங்கே இருப்பவருக்கு இந்தத் திட்டத்தில் இடம் இல்லை. கட்டணத்தை வாடகையில் ஏற்றி அவரும்தான் கொடுக்கிறார். ட்ரீ மாண்ட்கோமரி என்கிற மரத்திட்டம் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது. மரநிழலை அழித்துக் கட்டடம் கட்டுகிறவர்களிடம் 2014-இலிருந்து வாங்கும் கட்டணத்தில், கேட்கிறவர் நிலத்தில் இலவசமாக நிழல்மரம் நட்டுக் கொடுக்கிறார்கள், அடுக்குமாடி வளாகங்களுக்கும் உண்டு. குடியிருப்பவர் மேலாளரைச் சம்மதிக்க வைத்தால் போதும், கையிலிருந்து காசு போட வேண்டியதில்லை. ரெயின்ஸ்கேப்ஸையும் இந்த முறைக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் நான் கவுன்சில் உறுப்பினர்களிடம் கேட்க விரும்புவது.

பக்கத்துப் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி வழிபாட்டுத் தலங்களுக்கு வேறு ஒரு வழி வைத்தது: வளாகத்தில் மழைநீர் வேலைகளைச் செய்ய இடம் கொடுத்து, தங்கள் மக்களிடம் இதைப் பற்றிப் பேசினால் கட்டணத்தில் குறைப்பு. லேன்ஹமில் முருகன் கோயிலும் சிவ விஷ்ணு கோயிலும் இருப்பது அந்தக் கவுண்டியில்தான், வார இறுதியில் மாண்ட்கோமரித் தமிழர்களும் போகிற இடம். இந்த மாதிரி விஷயங்களைச் சொல்ல அதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்? கவுண்டி அச்சடிக்கும் துண்டறிக்கைகள் ஸ்பானிஷ், சீனம், கொரியம், அம்ஹாரிக் என்று வருகின்றன, நம் ஆட்களுக்கு நாமே வாயால் சொன்னால்தான் உண்டு.

சொத்து வரி ரசீது ஜூலையில் வரும். அதில் நீர்த்தரப் பாதுகாப்புக் கட்டணம் என்ற வரியைத் தேடி, எந்தப் படியில் உங்கள் வீட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், வான்படத்தை வைத்து அளந்த பரப்பு என்பதால் தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். அடுத்த பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, கூரைக் குழாய் நீர் எந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கவுண்டியின் சேவை எண்ணான 311-ஐ அழைத்து ரெயின்ஸ்கேப்ஸ் என்று சொன்னால் போதும். வருகிற ஊழியரிடம் முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.